குதிரை எரு போட்ட பாத்தியில தக்காளி, போஞ்சி இலை சுருளுது: வைரஸா, எருவா?

பயத்தங்கொடி:
வணக்கம். மேற்கு லண்டனில அரை அலொட்மென்ட் (வாடகைக்கு எடுக்கிற தோட்டக் காணி), 125 சதுர மீற்றர், களிமண். மார்ச் கடைசியில மூன்று பாத்திக்கு (ஒவ்வொன்றும் 1.2 மீற்றர் அகலம், 4 மீற்றர் நீளம்) ஒரு குதிரை லாயத்து எருவை 5 சென்ரிமீற்றர் தடிப்பில பரப்பினது, வீல்பறோவில ஒன்பது நடை. நாலாம் பாத்தி கரட்டுக்கு என்று விட்டபடியால் அதுக்கு எரு போடேல்ல. பிறகு மிஞ்சின தக்காளியையும் போஞ்சியையும் அதிலயே நட்டாச்சு. எல்லாம் மே கடைசியில.

இப்ப யூலை நடுப்பகுதி. எரு போட்ட மூன்றிலயும் தக்காளிக் குருத்து கிண்ணம் போலக் குவிஞ்சு, புது இலை பன்ன இலை மாதிரி ஒடுங்கிப் போச்சு. போஞ்சி முறுக்கிக்கொண்டு நிக்குது, ஓரத்து டேலியாவும் அப்பிடித்தான். அடி இலைகள் நல்ல பச்சை. நாலாம் பாத்தியில ஒரு குறையும் இல்லை. வைரஸ், பிடுங்கி எறியுங்கோ என்று பக்கத்துக் காணிக்காரர் சொல்லுகினம். பிடுங்கவா? மிச்ச எருவும் ஒரு குவியல் கிடக்குது.

களிமண்காரன்:
பிடுங்காதேங்கோ, பொறுங்கோ. வைரஸ் பாத்தி எல்லை பார்த்து வராது. அங்க ஒரு செடி இங்க ஒரு செடி என்றுதான் தொடங்கும், இலையில மஞ்சளும் பச்சையுமாய்த் திட்டு விழும். தக்காளி, போஞ்சி, டேலியா மூன்றையும் ஒரே மாதிரி முறுக்கிறது வைரஸின்ர வேலை இல்லை. பக்கத்தில ஆரும் புல்தரைக்கு அடிச்ச மருந்து காற்றோட வந்திருந்தால் நாலாம் பாத்தியும் தப்பியிராது.

இது எருவில வந்த களைநாசினி எச்சம். பெரும்பாலும் அமினோபைராலிட், சில நேரம் அதே குடும்பத்துக் குளோபைராலிட். மேய்ச்சல் நிலத்தில முட்செடி, டொக், ராக்வோர்ட் மாதிரி அகன்ற இலைக் களைக்கு அடிக்கிறது. புல்லுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மருந்து புல்லின்ர நாருக்குள்ள ஒட்டிக்கொண்டு இருக்கும். குதிரை அதைத் தின்றால் வயிற்றில சிதையாமல் சாணியிலயும் மூத்திரத்திலயும் வந்துவிடும். நார் மக்க மக்கத்தான் மண்ணுக்கு இறங்கும். உங்கட அடி இலை தப்பி, பிறகு வந்த குருத்து கெட்டது அதாலதான். செடியின்ர வளர்ச்சி ஹோர்மோன் மாதிரியே வேலை செய்யிறபடியால் செடி சாகாமல் கோணலாய் வளரும். கோடியில ஒரு பங்கே தக்காளிக்கும் போஞ்சிக்கும் போதும்.

2008இல பிரித்தானியாவில கனபேரின்ர அலொட்மென்ட் இதால கெட்டது. அப்ப அமினோபைராலிட் மருந்துகளை இடைநிறுத்தி, 2009இல கூடுதல் கட்டுப்பாட்டோட திரும்ப விட்டவை.

குவியலைச் சோதிக்கிற விதம்: ஐந்தாறு இடத்தில, நடுவிலயும் அடியிலயும் கிண்டி எருவை எடுங்கோ. ஒரு பங்கு எரு, ஒரு பங்கு கடைக் கொம்போஸ்ட் கலந்து மூன்று சாடி. தனிக் கொம்போஸ்டில இன்னும் மூன்று சாடி. ஒவ்வொன்றிலயும் புரோட் பீன்ஸ் விதை மூன்று. சாடிக்குச் சாடி தனித் தட்டு வையுங்கோ. எருச் சாடியில வடிஞ்ச தண்ணி மற்றதுக்குப் போனால் சோதனையே பிழைச்சுப் போகும். நாலு கிழமை பாருங்கோ. முதல் இரண்டு இலை நல்லாய் வந்தாலும் நம்பாதேங்கோ, மூன்றாம் நாலாம் இலையிலதான் குவிவு தெரியும்.

மண்புழு_குரோய்டன்:
அண்ணன் சொன்னது சரிதான். பாத்தியை என்ன செய்றதுன்னு நான் சொல்றேன். மேலாக்கத் தெரியற வைக்கோல், லத்தி உருண்டை எல்லாத்தையும் முதல்ல வாரி எடுத்துடுங்க. மீதியை கார்டன் போர்க்கால 15, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறி விடுங்க. இந்த மருந்தைச் சிதைக்கிறது மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்தான், அதுக்குக் காத்து, சூடு, ஈரம் மூணும் வேணும். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு செப்டம்பர் கடைசி வரைக்கும் கிளறுங்க, மண்ணைக் காய விடாதீங்க. களிமண்ணுங்கறதால மழை பெஞ்ச கையோட மிதிச்சுக் கிளறினா கட்டி தட்டிடும், ரெண்டு நாள் கழிச்சு இறங்குங்க. எருவைக் குவிச்சு மூடியே வச்சிருந்தா உள்ளே காத்து போகாது, மருந்து ரொம்ப நாளைக்கு அப்படியே கிடக்கும்.

செடியைப் பிடுங்கினா கொம்போஸ்ட் குவியல்ல போடாதீங்க, கவுன்சில் தோட்டக் கழிவு எடுக்கிற பச்சைத் தொட்டியிலயும் வேண்டாம். அது மக்கி உரமாகி நாளைக்கு வேற யாரோ ஒருத்தர் பாத்திக்குத்தான் போகும்.

முட்டைக்கோஸ் குடும்பம் இதை ஓரளவு தாங்கும். இப்போ கேல் நாத்து 45 சென்டிமீட்டர் இடைவெளியில வைக்கலாம். உங்க மண்ணுல கிளப்ரூட் (கோஸ் குடும்பத்து வேர் வீங்கிப் போற நோய்) இருந்தா கேல் வேண்டாம்; செப்டம்பர்ல ரை தெளிச்சு விடுங்க, புல் இனம், ஒண்ணும் ஆகாது. அடுத்த வருஷம் ஸ்வீட் கார்ன் போடலாம், ஆனா அந்தத் தட்டையையும் கொம்போஸ்ட் பண்ணாதீங்க. தக்காளி, உருளை, பட்டாணி, பீன்ஸ், கேரட், லெட்டூஸ், சூரியகாந்தி, ஸ்வீட் பீ இதெல்லாம் ஏப்ரல்ல பாத்தி மண்ணுலயே அந்த பீன்ஸ் சோதனையைச் செஞ்சு, இலை விரிஞ்சு வந்த பிறகு மட்டும். பெரும்பாலும் ஒரு வருஷத்துல சரியாகும், தடிப்பாப் போட்ட இடம் ரெண்டு வருஷம்கூட இழுக்கும்.

பயத்தங்கொடி:
நன்றி அண்ணா, நன்றி மண்புழு. கோணல் செடியில கொஞ்சம் காய் பிடிச்சிருக்குது. சாப்பிடலாமா? குவியலை எங்க கொண்டு போறது?

களிமண்காரன்:
2008இலயே, எச்சம் பட்ட நிலத்தில விளைஞ்சதைச் சாப்பிட்டால் உடம்புக்குக் கேடு வராது என்றுதான் அதிகாரிகள் சொன்னவை. காய் கோணலாயும் விதை குறைவாயும் இருக்கும். விதைக்கு எடுத்து வைக்காதேங்கோ.

குவியல் லாயத்துக்கே திரும்பப் போகவேணும். அதைப் பரப்புறதுக்குச் சரியான இடம் புல்வெளிதான். மருந்து பட்ட புல் தின்ற மிருகத்தின்ர எரு பண்ணைக்கு வெளியில போகக் கூடாது என்பது மருந்தோட வாற நிபந்தனை. லாயக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் காய்ஞ்ச புல்லை அவையும் விலைக்கு வாங்கித்தான் போடுகினம். ஆகவே "மருந்து அடிச்சீங்களோ" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். புல்லும் வைக்கோலும் ஆரிட்ட வாங்கினது, அந்த வயலுக்குப் போன வருசமும் அதுக்கு முந்தின வருசமும் என்ன அடிச்சது என்று கேளுங்கோ. பாத்திப் படத்தை, நாலாம் பாத்தியும் சேர்ந்து தெரியிற மாதிரி எடுத்து அலொட்மென்ட் செயலாளருக்கும் அனுப்புங்கோ, அதே லாயத்தில எரு எடுத்த மற்றவை பரப்ப முதல் தெரியவேணும்.