1987 இறப்புப் பதிவு: 'இல்லை' என்று எழுதித் தர வேண்டியது யார்?

தாத்தா 1987இல் செங்கல்பட்டுப் பக்கம் கிராமத்து வீட்டில் இறந்தார். அப்போதே பதிந்ததாகப் பாட்டி சொல்கிறார். பட்டாவில் பெயர் மாற்ற இப்போது சான்றிதழ் தேவை. ஊராட்சியாக இருந்த ஊர் பிறகு நகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பழைய பதிவேடு தாலுகா ஆபீசில் என்கிறது நகராட்சி. தாலுகா ஆபீசோ நகராட்சியைக் கை காட்டுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வருடக் கட்டே இல்லையாம். ஆன்லைனிலும் தேடியாச்சு.

1969 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 13(3) பிரிவில் தாமதப் பதிவு செய்யலாம் என்றார்கள். சரி என்று கோட்டாட்சியர் அலுவலகம் போனால், முதலில் 'பதிவு இல்லை' சான்று வேண்டுமாம். வாயால் 'இல்லை' என்பவர்கள் எழுதித் தர மறுக்கிறார்கள், அதுதான் எரிச்சல்.

இப்படி இணைக்கப்பட்ட ஊராட்சிகளின் பழைய பதிவுக்கு அந்தச் சான்றைத் தர வேண்டியது எந்த அலுவலகம்?