கொரிய பாணியில் பாட்டு வீடியோ வெளியிடுவது எப்படி?

மன்னார்குடி மணி:
எங்க பசங்க குழு ஆடிப்பெருக்குக்கு ஒரு தனிப்பாட்டு வீடியோ விடுது. கொரியாக்காரங்க மாதிரி மொழி தெரியாதவங்களையும் பார்க்க வைக்க என்ன பண்ணணும்ணே? விளம்பரத்துக்குப் பணம் போட்டா போதுமா?

குடந்தை கேமரா:
போதாது தம்பி. விளம்பரத்தால வர்ற பார்வைகளை 'முதல் 24 மணி நேரத்துல அதிகம் பார்த்த வீடியோ'ங்கிற சாதனைக் கணக்குல இருந்து யூடியூப் 2019-லயே எடுத்துடுச்சு. கொரிய கம்பெனிகள் ஒரே பாட்டைத் துண்டு துண்டா விடுவாங்க: ஸ்டில், டீசர், முழு வீடியோ, சில நாள் கழிச்சு நடனப் பயிற்சி வீடியோ. இந்தக் கடைசிதான் உயிர். கேமரா அசையாது, கட் கிடையாது. அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுப் பசங்க கத்துக்கிட்டு ஆடிப் போடுறாங்க. கொரியப் பாட்டு 'கங்னம் ஸ்டைல்' 2012 டிசம்பர்ல 100 கோடி பார்வை தொட்டதும் குதிரை ஓட்டுற மாதிரி ஆடுற அந்த ஆட்டத்தாலதான், வரி புரிஞ்சு இல்ல.

படித்துறையில எடுத்தா கேமராவை இடுப்பு உயரத்துல ஸ்டாண்ட்ல நிறுத்துங்க. பாதத்துக்குக் கீழயும் இடம் விடணும். கால் ஃப்ரேமை விட்டுப் போச்சுன்னா ஒருத்தராலயும் ஸ்டெப் பிடிக்க முடியாது. படி ஈரமா இருந்தா வழுக்கும், காய்ஞ்சப்புறம் ஆட விடுங்க.

திருவையாறு வாசு:
நேரத்தை மட்டும் காப்பி அடிக்காதீங்க. கொரியாக்காரங்க வழக்கமா பாட்டு விடுற மாலை 6 மணி நமக்கு மதியம் 2:30. உங்க ஆளுங்க சிங்கப்பூர்லயும் துபாய்லயும்தான் அதிகம். நம்ம ராத்திரி 7:30-க்கு விட்டா சிங்கப்பூர்ல ராத்திரி 10, துபாய்ல சாயங்காலம் 6. ஆங்கில சப்டைட்டிலைக் கையால டைப் பண்ணி, வெளியிடுறதுக்கு முன்னாடியே ஏத்திடுங்க. தவில் சத்தத்துல தானியங்கி சப்டைட்டில் வரியைத் தப்புத் தப்பா எடுக்கும்.