சில்வர் கிளவுட்: ஏர் சைலன்சர், ஃபில்டரின் தடையை அளப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். 1957 ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கிளவுட்; 4,887 சி.சி., ஆறு சிலிண்டர், எஸ்.யு. கம்பெனியின் இரட்டைக் கார்ப்பரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலப்பது). எண்ணெய் தோய்ந்த கம்பிவலை ஃபில்டருக்குப் பதிலாகப் பேப்பர் எலிமென்ட் போடும் யோசனை. அதற்கு முன், இப்போதுள்ள ஃபில்டரும், காற்று உள்ளே போகும் இரைச்சலை அடக்கும் ஏர் சைலன்சரும் எவ்வளவு தடை தருகின்றன என்று எண்ணாகத் தெரிய வேண்டும். நியூட்ரலில் ரைஸ் பண்ணிப் பார்த்தால் போதுமா?

மறுமொழி 1:
போதாது சார். நியூட்ரலில் த்ராட்டில் கொஞ்சம்தான் திறக்கும், காற்றும் சொற்பமாகத்தான் போகும். முழுச் சுமையில் 4,000 ஆர்.பி.எம்.முக்குக் கணக்குப் போடுங்கள்: இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் இன்ஜின் முழுக் கொள்ளளவை உறிஞ்சும், ஆகவே 4.887 × 2,000 = 9,774 லிட்டர். சிலிண்டர் 75 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 7,300 லிட்டர். அதனால் ஏற்றத்தில் முழு த்ராட்டிலில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அளவைப் படிக்க இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

6 மி.மீ. கண்ணாடிக் குழாயை யூ வடிவில் பலகையில் கட்டி, பாதிவரை மை கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறுமுனை ரப்பர் குழாய் வழியாக ஃபில்டருக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவே போக வேண்டும். கார்ப்பரேட்டருக்குக் காற்றைக் கொண்டுபோகும் எல்போவில் (வளைகுழாயில்) துளை போடாதீர்கள், அது திரும்பக் கிடைக்காத பொருள். எல்போ, கார்ப்பரேட்டர் இரண்டின் விளிம்புகளுக்கு நடுவே அலுமினியத் தகடு ஒன்றைக் கொடுத்து, அதன் பக்கவாட்டில் 2 மி.மீ. துளை போட்டால் போதும். உள்பக்கம் பிசிறு இருந்தால் அளவு தப்பும். இரண்டு தண்டிலும் உள்ள நீர்மட்டங்களின் வித்தியாசம்தான் தடை. ஒரு தண்டை மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். தண்ணீர் துள்ளினால் ரப்பர் குழாயைக் கிளிப்பால் லேசாக நெருக்குங்கள்.

முதலில் எல்லாம் மாட்டி ஒரு ஓட்டம், அடுத்து எலிமென்ட்டை மட்டும் எடுத்துவிட்டு இன்னொன்று. இரண்டாவதில் எவ்வளவு குறைகிறதோ அது ஃபில்டரின் பங்கு, மிஞ்சியது சைலன்சருடையது. இரண்டாவது ஓட்டத்தைத் தூசியில்லாத சாலையில் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
அந்தத் தகட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்ப்பரேட்டர் விளிம்பில் சிறு காற்றுத் துளைகள் இருந்தால், தகட்டிலும் கேஸ்கெட்டிலும் அதே இடத்தில் துளை வேண்டும். மூடினால் கார்ப்பரேட்டருக்குள் காற்றுவழியைத் திறந்து மூடும் பிஸ்டனுக்கு அடியில் காற்று வராது, பிஸ்டன் சரியாக எழாது. பழி ஃபில்டர் மேல் விழும்.

கார்ப்பரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் அறை வெளிக்காற்றோடு இணைந்திருக்கிறது. அதனால் ஃபில்டரில் விழும் ஒவ்வொரு மி.மீ. அழுத்தமும் ஜெட்டில் (பெட்ரோல் வெளிவரும் துளையில்) பெட்ரோலை உறிஞ்சும் இழுவையாகச் சேரும். எஸ்.யு.வின் வழக்கமான இழுவை சுமார் 200 மி.மீ. நீர். அதோடு 50 சேர்ந்தால், 1.25-இன் வர்க்கமூலப்படி பெட்ரோல் ஏறக்குறைய 12 சதவீதம் கூடும். 20 சேர்ந்தால் 5 சதவீதம். பேப்பருக்கு மாறி அளவு மாறினால், ஜெட்டில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியான நீடிலையும் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும்.

மறுமொழி 3:
சைலன்சரை ஒலியாலும் சோதிக்கலாம். ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று உறிஞ்சல், 1,500 ஆர்.பி.எம்.மில் 75 ஹெர்ட்ஸ். போனில் ஒலி அலைவரிசை காட்டும் ஆப் இருந்தால் அங்கே முகடு எழுகிறதா என்று பாருங்கள். முகடு பெரிதாக இருந்தால் தையலில் துரு ஓட்டை இருக்கலாம். சைலன்சரின் வாயை அடைத்து, மெல்லக் காற்று ஊதி, சோப்புநீர் தடவினால் தெரிந்துவிடும். உள்ளே ஒலியை அடக்கும் ஃபெல்ட் (கம்பளித் துணி) உதிர்கிறதா என்றும் பாருங்கள். சைலன்சர் ஃபில்டருக்குப் பிறகு இருந்தால் நார் நேரே கார்ப்பரேட்டருக்குப் போகும்.

கம்பிவலையை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து, இன்ஜின் ஆயிலில் முக்கி, ஒரு இரவு வடியவிட்ட பிறகே அளக்கவும். சொட்டச் சொட்ட மாட்டினால் தடையும் கூடும், புகையும் வரும்.