இரும்புத் தாதுக் கப்பல்களோடு உங்கள் அனுபவம்: சிங்கப்பூர்க்காரர்கள் பகிரவும்

சாமான்படகு:
கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி ஏற்றிவிடும் தொழிலில் இருபது வருடம் ஓடிவிட்டது. எஃகுத் தொழில் மந்தம் என்று செய்தியில் வருமுன்பே, சீஃப் குக் அனுப்பும் சாமான் பட்டியலில் எங்களுக்குத் தெரிந்துவிடும். முதலில் இறால் காணாமல் போகும். அப்புறம் ஆட்டுக்கறி இருந்த இடத்தில் கோழி வரும். முட்டை மட்டும் கூடிக்கொண்டே போகும்.

2016 பிப்ரவரி 10, சீனப் புத்தாண்டின் மூன்றாம் நாள். சீனச் சகாக்கள் எல்லாரும் லீவு. இரட்டைச் சம்பளம் என்பதால் நானும் ஒரு தம்பியும் படகில் கிளம்பினோம். கிழக்கே, துறைமுக எல்லைக்கு வெளியே. ஓ.பி.எல். என்போமே, அங்கே. துறைமுகக் கட்டணம் கிடையாது, அதனால் வேலையில்லாத கப்பலெல்லாம் அங்கேதான் கிடக்கும்.

எங்கள் கப்பல் கேப்சைஸ் ரகம். ஒரு நடைக்கு 1,70,000 டன் தாது ஏற்றும். சரக்கு இருந்தால் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் அமுங்கியிருக்கும். அன்று காலி. சிவப்பு அடிப்பாகம் எங்கள் படகுக்கு மேலே சுவர் மாதிரி நின்றது, தண்ணீர் தொட்ட இடத்தில் தாடிபோலப் பாசி. இப்படி உயர்ந்து நிற்கும்போது கயிற்று ஏணி மட்டும் போதாது, பாதி உயரத்தில் கப்பலின் சாய்வுப் படியையும் இறக்கிச் சேர்த்துக் கட்டவேண்டும். ஏறுவதற்குள் முட்டி கழன்றுவிட்டது.

மேலே போசன், அதாவது மாலுமிகளுக்குத் தலைவர், தூத்துக்குடிக்காரர். "அண்ணே, தமிழ் பேப்பர் ஏதாச்சும் கொண்டாந்தீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. வந்து 47 நாளாச்சாம். கம்பெனியிலிருந்து ஒரே பதில்: "நில்." பட்டியலில் ஆட்டுக்கறி 60 கிலோ என்று குக் எழுதியதை, கேப்டன் சிவப்பு மையால் அடித்து 20 ஆக்கியிருந்தார். வீட்டுக்கு என்று வைத்திருந்த ஆரஞ்சுப் பையைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

பால்டிக் குறியீடு, அதாவது சரக்குக் கப்பல் வாடகையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எண், அன்றைக்குத்தான் 290-க்கு விழுந்தது என்று பிறகு தெரிந்தது. 2008 மே மாதம் அது 11,793. அப்போது நாளுக்கு 2 லட்சம் அமெரிக்க டாலருக்குமேல் வாடகை பார்த்த ரகம் இது, 2016 தொடக்கத்தில் 3,000 கூடத் தேறவில்லை. மாலுமிச் சம்பளம், சாப்பாடு, இன்சூரன்ஸுக்கே அதைப்போல இரண்டு பங்கு ஆகும்.

அந்தக் கப்பல் சில மாதத்தில் உடைக்கப் போய்விட்டது, சிட்டகாங்குக்கு. எங்கள் பில்லில் பாதிதான் தேறியது. முதலாளி பல மாதம் என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை, நான்தான் கடன் கொடுத்தேன் என்பதுபோல!

பெர்த்மாப்பிள்ளை:
அதே மந்தத்தின் மறுமுனையில் நான் இருந்தேன் அண்ணே. ஈசூனிலிருந்து பெர்த்துக்குப் போய், மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் ஒரு சின்ன இரும்புத் தாதுச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். விமானத்தில் போய் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. 2011-இல் டன் 190 டாலருக்குப் போன தாது 2015 டிசம்பரில் 40-க்கும் கீழே. பெரிய கம்பெனிகளுக்கு வெட்டும் செலவு குறைவு, அதனால் விலை விழ விழ இன்னும் அதிகமாக வெட்டினார்கள். எங்களைப்போன்ற சின்னவர்களுக்குத்தான் மூச்சுமுட்டியது. ஒரு திங்கட்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள், புதன்கிழமை பெட்டியோடு விமானத்தில். அங்கே தாது ஏற்றும் துறைமுக ஊரான போர்ட் ஹெட்லாண்டில் கடன் வாங்கி வீடு வாங்கிய நண்பன் இன்னும் அதை அடைக்கிறான்.

ஷென்டன்வே:
நான் கப்பலில் கால் வைத்ததே இல்லை, கப்பல் வாடகையைத் திரையில் பார்ப்பவன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எஃகு குறைந்தால் தாதுக் கப்பல் உடனே படுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். சீனாவின் உற்பத்தி 2020-இல் சுமார் 106 கோடி டன், வீடு கட்டும் தொழில் சரிந்தபின் 2024-இல் 100 கோடிக்கு வந்தது. ஆனால் அதே 2024-இல் அவர்கள் இறக்குமதி செய்த தாது 120 கோடி டன்னைத் தாண்டியது! விலை இறங்கியதும் அவர்களுடைய தரம் குறைந்த உள்ளூர்த் தாதுக்குக் கட்டுப்படியாகவில்லை, மிச்சம் துறைமுகத்தில் குவிந்தது.

எங்களுக்கு டன்னைவிடத் தூரம் முக்கியம். போர்ட் ஹெட்லாண்டிலிருந்து சீனாவின் சிங்தாவ் துறைமுகம் இரண்டு வாரத்துக்குள். பிரேசிலின் துபராவ் என்றால் சுமார் 40 நாள், அவ்வளவு நாளும் கப்பல் கட்டிப்போட்ட மாதிரி. இப்போது மேற்கு ஆப்பிரிக்காவில் கினியின் சிமாண்டூ சுரங்கத் தாதுவும் 2025 கடைசியில் கிளம்பிவிட்டது, அதுவும் தூரம்தான். 2016-இல் அடி விழுந்ததற்குப் பாதிக் காரணம், நல்ல காலத்தில் ஆளாளுக்கு ஆர்டர் கொடுத்த கப்பல்கள் மொத்தமாக வந்து இறங்கியது. அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

சாமான்படகு:
தம்பி சொல்வது சரியாத்தான் இருக்கும். இந்த வாரம் ஒரு கேப்சைஸ் பட்டியலில் இறால் 15 கிலோ இருந்தது. சந்தோஷமாக விசாரித்தேன். கினியிலிருந்து பாக்சைட், அதாவது அலுமினியத் தாது, ஏற்றிவரும் கப்பலாம்.