எம்.வி.பி.க்குத் தமிழ்ச்சொல்: 'முளைப்பதிப்பு' சரியாக வருமா?

நண்பர்களே,

நம் சொற்பட்டியலுக்காக 'மினிமம் வயபிள் புராடக்ட்' (எம்.வி.பி.: ஒரு செயலியையோ பொருளையோ முழுதாகக் கட்டும் முன் பயனரிடம் முதலில் கொடுத்துப் பார்க்கும் சிறிய பதிப்பு) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். 'குறைந்தபட்ச சாத்தியமான தயாரிப்பு' என்பதை மட்டும் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீளம் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை 'சாத்தியமான' என்ற சொல். சாத்தியம் என்றால் செய்ய முடிவது. வயபிள் என்றால் தானாகப் பிழைத்து நிற்கக்கூடியது. 2001இல் ஃபிராங்க் ராபின்சன் உருவாக்கிய இந்தச் சொல்லைப் பின்னர் பரப்பிய, 'தி லீன் ஸ்டார்ட்அப்' நூலை எழுதிய எரிக் ரீஸ், மிகக் குறைந்த உழைப்பில் பயனரைப் பற்றி மிக அதிகம் கற்றுத்தரும் பதிப்பு என்று அதற்குப் பொருள் சொன்னார். பிழைத்து நிற்காத ஒன்றை யாரும் பயன்படுத்தப் போவதில்லை; அப்புறம் எதைக் கற்பது?

சொல் தவறினால் வேலையும் தவறும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். பயிற்சி வகுப்புகளுக்குப் பதிவு செய்யும் இணையச் செயலி ஒன்றை எங்கள் குழு கட்டியது. கூட்டக் குறிப்பில் 'குறைந்தபட்ச' என்று இருந்ததால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டினோம். கடவுச்சொல் மறந்தவர் மீண்டும் உள்ளே வரும் வழி 'பிறகு பார்க்கலாம்' பட்டியலுக்குப் போனது. முகப்பின் நிறத்தை மாற்றும் பொத்தான் தங்கிவிட்டது, பாதி முடிந்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. வெளியிட்ட அன்று மாலை, கடவுச்சொல் மறந்த ஒவ்வொருவருக்கும் தரவுத்தளத்துக்குள் போய்க் கையால் மாற்றிக் கொடுத்தோம். வகுப்பில் இடம் பிடிக்க வந்தவர்களைக் காக்க வைத்தது இன்றும் உறுத்துகிறது.

அதனால்தான் 'முளைப்பதிப்பு' என்று முன்வைக்கிறேன். முளை சிறியதுதான், ஆனால் குறைப்பிறவி இல்லை. விதையிலிருந்து முதலில் வெளிவருவது முளைவேர், பிறகுதான் முளைக்குருத்து. செயலியிலும் அதே வரிசைதான் வேண்டும். உள்நுழைவு, கடவுச்சொல் மீட்பு, தரவுக் காப்புப்படி எல்லாம் வேர். பயனர் எந்த ஒரு வேலைக்காக வருகிறாரோ அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து தருவது குருத்து. மற்ற இலைகள் வெயில் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு வரட்டும்.

'முன்மாதிரி'யை இதோடு குழப்ப வேண்டாம். அது காட்டிப் பார்ப்பதற்கு. மண்ணில் நடுவதற்கு இல்லை.

> முளை வினையாகவும் வருமே. வினைத்தொகை என்றால் 'ப்' மிகாதே? பேசாமல் 'முதல் பதிப்பு' என்றால் என்ன?

நல்ல கேள்வி. முளையைப் பெயராகவே கொள்கிறேன்: முளையாகிய பதிப்பு, இருபெயரொட்டுப் பண்புத்தொகை. ஆகவே 'ப்' மிகும். 'முதல் பதிப்பு' வரிசையை மட்டும் சொல்கிறது. ஐந்து ஆண்டு உழைத்து எல்லா வசதியோடும் வெளியிட்டாலும் அது முதல் பதிப்புதான். எதை விடுவது, எதை வைப்பது என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கும்போது அந்தச் சொல் ஒரு கையும் கொடுக்காது. 'இது இல்லாமல் முளை பிழைக்குமா?' என்று கேட்டுப் பாருங்கள், பட்டியல் உடனே சுருங்கும்.

> ஆரம்பத்தில் ஆட்கள் பின்னால் இருந்து கையால் செய்யும் வேலைக்கும் இதிலேயே இடம் உண்டா?

உண்டு, அதற்கு 'வித்திலை' இருக்கிறது! அவரை முளைத்து வரும்போது பார்த்திருப்பீர்கள். தடித்த இரண்டு வித்திலைகள் சேமித்த உணவைக் கொடுத்து, உண்மையான இலைகள் வந்ததும் வாடி உதிரும். பதிவு ரசீதை முதல் மாதம் ஒருவர் உட்கார்ந்து மின்னஞ்சலில் அனுப்புவது 'வித்திலை வேலை'. அதைத் தானியங்கியாக்க வெளியீட்டுக்கு முன்பே நாள்களைச் செலவழிக்க வேண்டியதில்லை. கடவுச்சொல்லை நாங்கள் கையால் மாற்றியது இந்தக் கணக்கில் வராது. அது வேர் இல்லாத இடத்தில் கொடுத்த முட்டு.

மறுப்பு இல்லையென்றால் 'முளைப்பதிப்பு', 'வித்திலை வேலை' இரண்டையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம். 'பேக்லாக்', அதாவது இனிச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், இன்னும் தமிழ்ச்சொல் இல்லாமல் அப்படியே நிற்கிறது. 'நிலுவை' என்றால் கடன் வாடை அடிக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.