என் சம்பளத்தைக் கணவர் கணக்கில் போடுகிறோம் என்கிறது பள்ளி: சம்மதிக்கலாமா?

கேட்பவர்: வேதியியல் டீச்சர்

வணக்கம். நானும் கணவரும் ஒரே சர்வதேசப் பள்ளியில் ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கிறோம். நான் வேதியியல், அவர் கணிதம். நாட்டின் பெயரை விட்டுவிடுகிறேன். இங்கே ஆசிரியர் வட்டம் மிகச் சிறியது.

வந்தவுடன் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது: வீடு, மின் இணைப்பு, தொலைபேசி, இணையம். எல்லாம் அவர் பெயரில். வீட்டு ஒப்பந்தம் எழுதிய நாளில் எனக்கு ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சி இருந்ததால் அவர் மட்டும் போய்க் கையெழுத்திட்டார். அவருக்கு வங்கிக் கணக்கு உடனே கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. என் பெயரில் முகவரிச் சான்று வேண்டும் என்கிறார்கள். வங்கி அலுவலர் “கணவரை அழைத்து வாருங்கள்” என்று ஒரு யோசனை சொன்னார். அவர் பக்கத்தில் வந்து நின்றால் எனக்கு முகவரி முளைத்துவிடுமா என்ன?

சம்பளத் தேதி நெருங்குகிறது. பள்ளிக் கணக்குப் பிரிவு ஒரு சம்மதக் கடிதத்தை நீட்டுகிறது. என் ஊதியத்தைக் கணவர் கணக்கில் செலுத்த நான் ஒப்புக்கொள்வதாக அதில் இருக்கிறது. எத்தனை மாதத்துக்கு என்று இல்லை. “ஒரே வீடுதானே, ஒரே பணம்தானே” என்கிறார்கள். கணவரும் இப்போதைக்குப் போட்டுக்கொள்ளலாமே என்கிறார். எங்களுக்குள் பணத்தில் ஒளிவுமறைவு கிடையாது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் வசிப்பு அனுமதி அவருடைய குடும்ப உறுப்பினர் என்ற முறையில் வந்தது. அதன் மேல் தனியாக வேலை அனுமதி வாங்கியிருக்கிறார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

கணித வாத்தியார்

நானும் கணிதம்தான், ஆனால் உங்கள் கணவர் அல்ல. இதில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? ஒரு மாதம் அவர் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கு திறந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். புது இடத்தில் முதல் மாதமே கணக்குப் பிரிவோடு முட்டிக்கொண்டால் பிறகு சின்ன வேலைக்கும் அலைய விடுவார்கள்.

இரண்டு நாடு பார்த்தவள்

வாத்தியாரே, அந்தக் கடிதத்தில் காலவரையறை இல்லை என்று அவர் சொன்னதைப் படிக்கவில்லையா?

டீச்சர், கையெழுத்துப் போடாதீர்கள். ஊதியத்தைத் தொழிலாளியின் கையில் நேரடியாகத் தர வேண்டும் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையில் (எண் 95) உள்ள விதி. எல்லா நாடுகளும் அதை ஏற்றுக்கொண்டவை அல்ல. ஆனால் அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது: தொழிலாளியே வேறு விதமாக ஒப்புக்கொண்டால் செல்லும். அந்தக் கடிதம் எதற்கு என்று இப்போது புரிகிறதா? பள்ளி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதில் தவறில்லை, நீங்களும் அதையே செய்யுங்கள்.

கணவரை நம்புவதா வேண்டாமா என்பது இங்கே கேள்வியே அல்ல. நாளைக்கு நீங்கள் கடன் கேட்டாலும், வேறு வீடு பார்த்தாலும், வேறு நாட்டு விசாவுக்கு விண்ணப்பித்தாலும் கேட்பது உங்கள் பெயரிலுள்ள வங்கி அறிக்கையைத்தான். அதில் சம்பளம் வந்த தடம் இல்லையென்றால், நீங்கள் வேலை பார்த்ததைச் சொல்ல ஊதியச் சீட்டு மட்டுமே மிஞ்சும். இன்னொன்று, யோசிக்கவே பிடிக்காதது: கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால் அவர் தனிக் கணக்கை வங்கி முடக்கிவிடும், வாரிசுச் சான்றெல்லாம் முடியும்வரை. அந்நிய நாட்டில் அந்த நேரத்தில் உங்கள் சம்பளமும் அதற்குள் இருக்கக் கூடாது.

கணித வாத்தியார்

காலவரையறை பற்றிச் சொன்னது சரி. அப்படியானால் “இந்த ஒரு மாதத்துக்கு மட்டும்” என்று அவர்களே எழுதித் தரட்டும். இல்லையென்றால் காசோலையாகவோ ரொக்கமாகவோ முன்பணமாகத் தர முடியுமா என்று கேளுங்கள். புதிதாக வருபவர்களுக்கு முன்பணம் தரும் பள்ளிகள் உண்டு.

நிர்வாக அலுவலகத்தில் இருப்பவர்

நான் பள்ளி நிர்வாகத்தில்தான் வேலை பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கணக்குப் பிரிவிடம் வாதாட வேண்டாம். பணி உறுதிக் கடிதம் ஒன்று கேளுங்கள். பள்ளியின் தலைப்புத்தாளில் உங்கள் முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், பதவி, சேர்ந்த தேதி, மாத ஊதியம், இவற்றோடு வீட்டு முகவரியும் இருக்க வேண்டும். முகவரியை நீங்களாகக் கேட்காவிட்டால் எழுத மாட்டார்கள். உங்களுக்குத் தேவையானதே அந்த ஒரு வரிதான். புதிதாக வந்தவர்களுக்கு இதையே சான்றாக ஏற்கும் வங்கிகள் இருக்கின்றன. பள்ளி தன் ஊதியக் கணக்கை வைத்திருக்கும் வங்கிக்கே போங்கள். அங்கே அந்தக் கையெழுத்து பழகியது.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில், எந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 எழுத்துகள். பெயர் மேல் வரியில் வரும். அதில் இருக்கும் வரிசையிலேயே, அதே எழுத்துகளில் கடிதத்திலும் பெயர் இருக்கட்டும். பட்டச் சான்றிதழில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, கடிதத்தில் இன்னொரு மாதிரி என்று இருந்தால் வங்கிக் கணினி மூன்று பேர் என்று நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது வேலை, வீட்டு ஒப்பந்தத்துக்கு ஒரு பின்னிணைப்பு. வீட்டு உரிமையாளரும் கணவரும் கையெழுத்திட்டு உங்களை அதில் சேர்க்கலாம். எப்படிச் சேர்க்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். உடன் வசிப்பவராகச் சேர்த்தால் முகவரிச் சான்று கிடைக்கும், பொறுப்பு வராது. வாடகைதாரராகவே சேர்த்தால் அவரில்லாதபோதும் அங்கே இருக்கும் உரிமையும் வரும், முழு வாடகைக்கு நீங்களும் பொறுப்பு என்பதும் பெரும்பாலும் கூடவே வரும்.

ஐரோப்பாவில் கற்பிப்பவர்

நீங்கள் இருப்பது ஐரோப்பிய ஒன்றிய நாடு என்றால் வேலை எளிது. 2014ஆம் ஆண்டின் உத்தரவு ஒன்றின்படி, சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படை வங்கிக் கணக்குக்கு உரிமை உண்டு. நிலையான முகவரி இல்லாதவர்களுக்கும் கூட. முழுமையான விண்ணப்பம் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் திறக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். விண்ணப்பத்தை வாங்காமலே வாயால் திருப்பி அனுப்புவார்கள், எழுத்தில் கொடுங்கள்.

வேதியியல் டீச்சர்

அனைவருக்கும் நன்றி. ஐரோப்பா இல்லை. கடிதம் கேட்டு எழுதிவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், பதில் மின்னஞ்சல் என் கணவருக்கு வந்திருக்கிறது, “உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்” என்று. கேட்டது நான்.

இரண்டு நாடு பார்த்தவள்

அதை இன்றைக்கே நிறுத்துங்கள். “என் பணி தொடர்பான கடிதங்களை எனக்கே அனுப்பவும்” என்று ஒரு வரி, மரியாதையாக. ஒரே பள்ளியில் வேலை செய்யும் தம்பதியை ஒரே ஆளாக எண்ணுவது எல்லா ஊரிலும் உண்டு. அவரிடம் சொன்னால் உங்களிடம் சொன்னதாக ஆகிவிடும். உங்கள் விடுப்பை அவரிடம் விசாரிப்பார்கள்.

விசாவுக்கு வருகிறேன். தொடர்பு உண்டா என்று கேட்டீர்கள். வங்கியைவிட அதுதான் பெரியது. உங்கள் வசிப்பு அவருடையதில் தொங்குகிறது. அவர் வேலை போனாலோ, அவரே விலகினாலோ, உங்கள் வேலை நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே உங்கள் அனுமதியும் ஆட்டம் காணலாம். தனி வசிப்பு அனுமதிக்கு மாற முடியுமா என்று ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டையும் பாருங்கள், ஊழியராகச் சேர்த்திருக்கிறார்களா, அவருடைய குடும்பமாகவா என்று. குடும்பமாக என்றால் அதுவும் அவர் வேலையோடு முடியும். சில பள்ளிகள் தம்பதிக்குத் தரும் ஒப்பந்தத்தில் ஒருவர் விலகினால் மற்றவரும் விலகியதாகக் கொள்ளும் விதி இருக்கும். இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கணித வாத்தியார்

வரிப் பக்கம் ஒரு சின்னச் சேதி. ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் வரி விழாமலிருக்க நாடுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் பலவற்றில் ஆசிரியர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. வந்த நாட்டில் குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலும் இரண்டு ஆண்டு, வரிவிலக்கு தரும். நிபந்தனை நாட்டுக்கு நாடு வேறு. ஆளுக்கு ஆள் தனியாகக் கோர வேண்டியது அது. இருவர் ஊதியமும் ஒரே கணக்கில் வந்தால் எது யாருடையது என்று பிரித்துக் காட்டுவது வீண் தலைவலி. முதலில் சொன்னதிலிருந்து இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல் டீச்சர்

நடந்ததைச் சொல்கிறேன். வீட்டு உரிமையாளர் மறுப்பேதும் சொல்லாமல் பின்னிணைப்பு எழுதிக்கொடுத்தார். வாடகைதாரராகவே சேர்ந்தேன், பொறுப்பு தெரிந்துதான். கணவரே அதைத்தான் விரும்பினார். பள்ளிக் கடிதத்தில் முகவரி விட்டுப்போய், திருப்பிக் கொடுத்து வாங்கினேன். பள்ளியின் வங்கியில் கணக்கு திறந்தாகிவிட்டது. முதல் சம்பளம் சற்றுத் தாமதமாக வந்தாலும் என் கணக்குக்கே வந்தது. சம்மதக் கடிதம் கையெழுத்தில்லாமல் மேசையில் கிடக்கிறது.

காப்பீட்டில் நான் அவர் குடும்பம்தான். மாற்றக் கேட்டிருக்கிறேன். தனி வசிப்பு அனுமதிக்கு அப்போஸ்டில் முத்திரையுடன் (ஆவணத்தை வேறு நாட்டில் ஏற்க அரசு தரும் சான்று) திருமணச் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் வேண்டுமாம். பட்டத்துக்கு இருக்கிறது, திருமணச் சான்றுக்கு இல்லை. இங்குள்ள நம் தூதரகத்தில் வாங்க முடியுமா?

நிர்வாக அலுவலகத்தில் இருப்பவர்

முடியாது. 1961 ஹேக் ஒப்பந்தப்படி, சான்று எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாட்டின் உரிய அதிகாரிதான் அப்போஸ்டில் தர முடியும். தூதரகம் எழுதித் தரும் ஆவணங்கள் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே வராது. அசல் சான்றையும் ஓர் அதிகாரக் கடிதத்தையும் நம்பகமான உறவினர் ஒருவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அவர் மூலம் செய்யுங்கள். அனுப்புமுன் இருபுறமும் வண்ண நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்று எந்த மொழியில் இருக்கிறது? மொழிபெயர்ப்பு தேவை என்றால், முத்திரைக்கு முன்பா பின்பா என்பதைக் குடியேற்ற அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். மாறிப்போனால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.