உணவு வந்த தொலைவா, உணவின் வகையா: எதைக் கவனிப்பது?

கேள்வி:
என் உணவினால் உண்டாகும் கரிம உமிழ்வைக் குறைக்க எண்ணி, ஓராண்டாக அருகில் விளைந்தவற்றையே தேடி வாங்கி வருகிறேன்; மாட்டிறைச்சியும் பாலாடைக்கட்டியும் மட்டும் பழையபடியே தொடர்கின்றன. இந்த முயற்சிக்குத் தக்க பலன் இருக்கிறதா, அல்லது தவறான இடத்தில் சிக்கனம் பிடிக்கிறேனா?

மறுமொழி 1:
பலன் உண்டு, ஆனால் சிறிது. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, உணவுசார் உமிழ்வில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 விழுக்காடுதான். பெரும்பகுதி வயலிலும் தொழுவத்திலும், காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்குவதிலும் உண்டாகிறது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்கச் செய்யும்போது மீத்தேன் உருவாகி, பெரும்பாலும் ஏப்பமாகவே வெளியேறுகிறது (பலரும் இதை வேறு வழியாகச் சொல்லிச் சிரிப்பது பிழை). நூறாண்டுக் கணக்கில் இவ்வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல 27 மடங்குக்குக் குறையாமல் புவியைச் சூடேற்றுகிறது. அதனால்தான் 100 கிராம் புரதத்தைப் பெற, இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டுக்குச் சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான உமிழ்வு ஆகிறது. பட்டாணிக்கு அரைக் கிலோகூட ஆவதில்லை. தொலைவைப் பார்த்தே ஆக வேண்டியது, விரைவில் அழுகும் என்பதற்காக விமானத்தில் ஏற்றப்படும் பழங்களுக்கும் காய்களுக்கும்தான். கப்பலில் வரும் பருப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மறுமொழி 2:
இதை ஏற்கிறேன். ஆனால் இறைச்சியைக் குறைப்பவர்கள் அந்த இடத்தைப் பாலாடைக்கட்டியால் நிரப்பிவிடக் கூடாது. நானும் சில மாதங்கள் அப்படித்தான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கிலோ கட்டிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால் தேவைப்படுவதால், எடைக்கு எடை அதன் உமிழ்வு கோழியிறைச்சியினுடையதைவிட மிகுதி.

மறுமொழி 3:
வீணாக்குவதையும் கணக்கில் சேருங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீட்டில், 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. எறிந்த உணவை விளைவிக்க ஆன உமிழ்வு திரும்பி வராது. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் மட்கும்போது அது மேலும் மீத்தேனை வெளியிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாட்டிறைச்சியை மாதம் ஒரு முறையாகக் குறைத்து, மற்ற நாள்களில் பயறு வகைகளுக்கு மாறப்போகிறேன். பாலாடைக்கட்டியை விடுவதுதான் எனக்குக் கடினம். அதைப் பாதியாக்குவதிலிருந்து தொடங்குகிறேன்.